சாயப் பொட்டலம்

பள்ளியில் ஒரு நாள் பிரெஞ்சுப் பாடத்தில் 'தேன்த்யூரியே' என்ற சொல் வந்தது. முசே என்னை எழுப்பிப் பொருள் கேட்டார். 'தேன்த்யூர்' என்றால் சாயம். ஆகவே "சாயம் போடுகிறவர்" என்றேன். "அகராதிப்படி சரிதான். ஆனால் பாரீசில் நீ அவரிடம் கொண்டுபோவது அழுக்குக் கோட்டு. அவர் அதைச் சுத்தம் செய்து தேய்த்துக் கொடுப்பார்" என்றார். வகுப்பு சிரித்தது. சலவைக்காரருக்கு ஏன் சாயக்காரர் என்று பெயர் என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் காரணம் புரிந்தது. ஐரோப்பிய நகரங்களில் அந்தக் கடைகளுக்கு வீட்டுக்காரர்கள் கொண்டுபோனது பெரும்பாலும் பழைய துணி. வெளுத்த கோட்டு, கறை போகாத பாவாடை, தாயாரிடமிருந்து மகளுக்கு வந்த கவுன். சாயக்காரர் முதலில் அதைச் சுத்தம் செய்வார். கறை போகவில்லை என்றால் அதைவிட அடர்த்தியான நிறத்தில் முக்கிக் கொடுப்பார். தண்ணீரில்லாமல் துணி வெளுக்கும் முறையே பாரீசில் ஒரு சாயக்கடையில்தான் பிறந்தது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோலி என்ற சாயக்காரர் வீட்டில் விளக்கிலிருந்த டர்பன்டைன் மேசை விரிப்பில் கொட்டி, கொட்டிய இடம் மட்டும் பளிச்சென்று ஆனதாகக் கதை. பிறகு துணி மலிவாகி, பழைய துணிக்குச் சாயம் போடுவது நின்றது. சுத்தம் செய்வது மட்டும் மிஞ்சியது. பெயர் மாறவில்லை.

அந்தக் கடைகளின் கண்ணாடியில் ஒரு வாசகம் எழுதியிருப்பார்கள்: 'இருபத்து நான்கு மணி நேரத்தில் துக்க உடை'. அதைப் படித்தபோது எனக்கு 1961-ஆம் வருஷம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வேலையை ஒரு அலுமினிய அண்டாவில் அம்மா செய்தார்.

அந்த வருஷம் ஆயா, அம்மாவைப் பெற்றவர், இறந்துபோனார். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி பெற்ற தாய்க்கு மகள் ஒரு வருஷம் கறுப்பு உடுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து எங்கள் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட பழக்கம் அது. அம்மாவிடம் கறுப்புச் சேலை ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்க அப்பாவின் சம்பளம் இடம் கொடுக்காது. அடக்கம் முடிந்த மறுநாள் என்னைக் கடைக்கு அனுப்பி, "கறுப்புச் சாயம் நாலு பொட்டலம் வாங்கிக்கிட்டு வா" என்றார். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், வசம்பு, சாம்பிராணிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் அந்தப் பொட்டலங்கள் இருக்கும். சின்ன விரல் நீளக் காகிதச் சுருள். வெளியே நிறத்தைக் காட்ட ஒரு பொட்டு வைத்திருப்பார்கள்.

அம்மாவிடம் மூன்று நல்ல நூல் சேலைகள் இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று இலைப்பச்சை, ஒன்று வெளிர்நீலம். நீலம் அப்பா வாங்கித் தந்தது. முதல் நாள் மஞ்சளும் பச்சையும்தான் அண்டாவுக்குள் போயின. நீலத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். முதலில் துணியில் பழைய கஞ்சி இருக்கக் கூடாது. சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடேயே சாயத் தண்ணீருக்குள் விட வேண்டும். உலர்ந்த துணியைப் போட்டால் முதலில் பட்ட இடம் சாயத்தைக் குடித்துத் திட்டுத் திட்டாகிவிடும். தூளை நேராக அண்டாவில் கொட்டக் கூடாது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் விட்டுக் குழைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கட்டி ஒன்று தப்பினாலும் சேலையில் ஒரு புள்ளியாக நிற்கும். தண்ணீர் தளதளவென்று வரும்போது இரண்டு கை கல்லுப்பு. பிறகு கழியால் விடாமல் கிண்டல். துணியின் எந்த முனையும் தண்ணீருக்கு மேலே தலை காட்டக் கூடாது. முக்கால் மணி நேரம் ஆனதும் இறக்கி, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பழைய நிறம் அடியிலிருந்து பேசும் என்பதையும் அன்றுதான் கற்றேன். மஞ்சள் மேல் நீலம் போட்டால் பச்சை வரும். பச்சை மேல் சிவப்புப் போட்டால் பழுப்பு வரும். எல்லாவற்றையும் விழுங்குவது கறுப்பு ஒன்றுதான். அதுவும் முழுக்க விழுங்குவதில்லை. மஞ்சள் சேலை நல்ல கறுப்பாக வந்தது. பச்சைச் சேலை வெயிலில் பார்த்தால் பாசி படிந்த கிணற்றுக்கல் மாதிரி இருந்தது. அம்மாவின் விரல்களும் நகக்கண்களும் இரண்டு வாரம் கறுப்பாகவே இருந்தன. திவசப் பூசைக்குக் கோவிலுக்கு வந்த ஒரு அம்மாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடையில் வாங்கிய கறுப்புக்கும் வீட்டில் வந்த கறுப்புக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். அது மரியாதைக் குறைவு என்றில்லை, கையில் காசில்லை என்பதற்கு அத்தாட்சி.

மூன்று மாதத்தில் அந்தக் கறுப்பு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு சலவையிலும் வாளித் தண்ணீர் கறுத்தது. ஒரு முறை அப்பாவின் வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்துவிட்டு அம்மா பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. 'நீலத்துக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு சாயமா?' என்று அப்பா முணுமுணுத்தார். அவர் சும்மா சொன்ன சொல்தான். ஆனால் அதற்குள் இரண்டு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

நம் வீடுகளில் வெகுகாலமாகத் துணிக்கு நிறமேற்றத் தெரிந்த பொருள் இரண்டு: மஞ்சள், காவிக்கல். மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் வெள்ளைப் புடவையை மஞ்சள் தண்ணீரில் முக்கி உடுத்துவார்கள். சாமியார்கள் காவிக்கல்லை உரைத்துக் கரைத்து வேட்டியை முக்குவார்கள். இரண்டுக்கும் வேறு சரக்கு எதுவும் வேண்டாம். தண்ணீர் போதும். மஞ்சள் நேரடியாகப் பருத்தியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெயிலுக்கு நிற்காது. காவி சாயமே இல்லை, மண். நூலின் மேல் ஒட்டியிருக்கும், துவைக்கத் துவைக்க உதிரும். எளிதாக ஏறும், எளிதாக இறங்கும். வீட்டில் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நிற்கிற சாயம் வீட்டு வேலையாக இருக்கவில்லை. அது தொழில். பருத்தி நூல் பெரும்பாலான இயற்கைச் சாயங்களைத் தானாக ஏற்காது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். சிவப்புக்குப் படிகாரம், கறுப்புக்கு இரும்பு. படிகாரம் நூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிறகு வரும் சாயத்தைக் கையைப் பிடித்து நிறுத்தும். நமது கடற்கரை மணலில் விளையும் இம்பூறலின் வேர், அதாவது சாயவேர், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவந்து, படாத இடத்தில் ஏறாமல் போய்விடும். சோழமண்டலக் கரையின் ஓவியத் துணிகளுக்கு அடிப்படை இந்தத் தந்திரம்தான். துணியில் படிகாரத்தால் படம் எழுதிச் சாயவேர்த் தண்ணீரில் கொதிக்கவைத்தால் படம் மட்டும் சிவப்பாக எழுந்து வரும்.

இதைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு முக்கியமான ஆவணங்கள் பிரெஞ்சில் உள்ளன. எனக்கு அந்த மொழி சோறு போட்டதோ இல்லையோ, இவற்றைப் படிக்கும் சந்தோஷத்தைக் கொடுத்தது. ஒன்று 1734-ஐச் சேர்ந்தது. பொலியோ என்ற கடற்படை அதிகாரி, பாரீசின் ரசாயன அறிஞர் துய்ஃபே கேட்டுக்கொண்டபடி, புதுச்சேரியில் ஓவியத் துணி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரீசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்றொன்று 1742-இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதம். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டென்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதியவர் இவர்தான். வயதான காலத்தில் புதுச்சேரியிலேயே இறந்தார்.

கேர்தூவின் கடிதத்தில் வேலை மெல்ல நடக்கிறது. துணியை முதலில் கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த தண்ணீரில் முக்குகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்பையும் படிகாரத்தையும் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும்போது கோடு கசியாமல் தடுக்கும். பிறகு கோடு, பிறகு மெழுகு, பிறகு நீலம், பிறகு மெழுகை நீக்கல், மறுபடி படிகாரம், சாயவேர், வெளுப்பு. நாள் கணக்கில் நடக்கிற காரியம். பிரெஞ்சு வாக்கியங்களுக்கு நடுவே கடுக்காயும் சாயவேரும் தமிழ்ப் பெயரோடேயே வந்து நிற்பதைப் பார்க்கும்போது, அயலூர்க் கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டது போல் இருக்கும்.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. பாதிரியாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்த் தொழிலாளிகள். அவர்கள் பெயர் கடிதத்தில் இல்லை. நம் துணிகள் வந்து குவிந்து தங்கள் நெசவாளிகள் கெடுகிறார்கள் என்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை ஓவியத் துணியைத் தடை செய்திருந்தது. தடை நீங்கிய மறு வருஷமே, 1760-இல், ஓபெர்காம்ஃப் என்பவர் வெர்சாய் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் அச்சுத் துணி ஆலை வைத்தார். இங்கிருந்து போன கடிதங்களையும் துண்டுகளையும் அங்கே வேடிக்கை பார்க்கவா கேட்டிருப்பார்கள்?

நீலத்தின் கதை வேறு மாதிரி. அவுரிக்குப் படிகாரம் வேண்டாம். ஆனால் அது தண்ணீரில் கரையாது. நீலக் கட்டியைப் பொடித்துத் தாழியில் சுண்ணாம்பும் தகரை விதைக் கஷாயமும் சேர்த்து நாள் கணக்கில் புளிக்கவைத்தால்தான் கரையும். கரைந்த நிலையில் நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சை. துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டுக் கண்முன்னே நீலமாகும். எத்தனை முறை முக்குகிறோமோ அத்தனை ஆழம். தாழி நாறும். அதைப் பார்த்தும் மோந்தும் பக்குவம் சொல்லும் ஆளுக்குத்தான் அது வசப்படும். அடுப்படியில் ஆகிற வேலை இல்லை.

இப்படி நீலம் ஏற்றிய பருத்தித் துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்றார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறி பிரான்ஸ் வழியாக அது ஆப்பிரிக்காவின் செனகல் நதிக் கரைக்குப் போயிற்று. அங்கே மூர் இன வணிகர்கள் கருவேல இனத்து மரங்களின் பிசினைக் கொண்டுவருவார்கள். பிசினுக்கு விலை கினே துணி. காசு போலவே அது கைமாறியது. அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய், அச்சுத் துணி ஆலைகளில் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. அதாவது நம்மூர் நீலத்தை விற்று வாங்கிய பிசினை வைத்து, நம்மூர் ஓவியத் துணிக்குப் போட்டித் துணி அச்சடித்தார்கள். வியாபாரிகள் கணக்கில் இது அழகான வட்டம்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரூவான் நகரத்து ஆலைகள் இந்தக் கினேயைப் போலி செய்து பார்த்தன. மூர்கள் ஏற்கவில்லை. கையில் தடவிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். புதுச்சேரித் துணியின் மணமும் மினுக்கமும் இல்லை என்றால் தள்ளிவிடுவார்கள். அந்த நீலம் கொஞ்சம் உடம்பில் ஒட்டும். பாலைவனத்து மனிதர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை, பெருமை. தோல் நீலமானால் அசல் துணி என்று பொருள். அம்மாவின் கறுத்த விரலைப் பார்த்து முகம் திருப்பிய அம்மாளை நினைத்துக்கொண்டேன். 1820-களின் இறுதியில் எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய சவானா நூற்பாலையும் இந்த வியாபாரத்தை ஒட்டி எழுந்ததுதான்.

இவ்வளவையும் தலைகீழாக்கியது நிலக்கரித் தார். 1856-இல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்குக் குவினைன் செய்யப் போய், கண்ணாடிக் குடுவையில் ஊதா நிறத்தைக் கண்டான். 1868-இல் இரண்டு ஜெர்மானியர்கள் சாயவேரிலும் மஞ்சிட்டியிலும் இருக்கிற சிவப்பைத் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். 1897-இல் ஜெர்மனியின் பாடிஷே கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தென்னார்க்காட்டு அவுரி வயல்கள் சில ஆண்டுகளில் சுருங்கின. பீகாரில் நீலப் பயிரின் சச்சரவு 1917-இல் காந்தியைச் சம்பாரணுக்கு இழுத்தது வரை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அடுப்படியைத் தொட்ட வருஷம் இவை எதுவும் இல்லை. அது 1884. பட்டிகர் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர் ஒரு சிவப்பைக் கண்டுபிடித்தார். படிகாரம் வேண்டாம், கடுக்காய் வேண்டாம், புளித்த தாழி வேண்டாம். வெந்நீரும் உப்பும் போதும், பருத்தி அதை நேராக ஏற்றுக்கொண்டது. தண்ணீரில் பருத்தி நூலுக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலுக்குள் அனுப்புகிறது. அம்மா போட்ட இரண்டு கை கல்லுப்புக்கு அர்த்தம் அதுதான்.

அந்தச் சிவப்புக்குக் 'காங்கோ' என்று பெயர் வைத்தார்கள். காங்கோவுக்கும் சாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆப்பிரிக்காவை யார் யார் எப்படிப் பங்குபோடுவது என்று பேச அந்த வருஷம் பெர்லினில் வல்லரசுகள் கூடியிருந்தன. பத்திரிகை முழுக்கக் காங்கோப் பேச்சு. சூட்டோடு சூடாகப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். காங்கோச் சிவப்பு ஒன்றும் உயர்ந்த சாயமில்லை. எலுமிச்சைச் சாறு பட்டால் நீலமாகிவிடும். சோப்புக்கு இறங்கும், வெயிலுக்கு வெளுக்கும். ஆனாலும் விற்றது. பின்னாலேயே அதே குடும்பத்தில் நீலம், பச்சை, பழுப்பு, கறுப்பு எல்லாம் வந்தன. மஞ்சளும் காவியும் மட்டுமே தெரிந்த வீட்டுக்கு ஒரு வானவில்லே பொட்டலத்தில் வந்து சேர்ந்தது. மஞ்சளைப் போலவே எளிதாக ஏறியது, மஞ்சளைப் போலவே இறங்கியது.

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து பர்லிங்டனிலிருந்து 'டயமண்ட்' சாயப் பொட்டலங்கள் 1880-களிலேயே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. பழைய உடுப்பைப் புதிதாக்கு என்பதுதான் விளம்பரம். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் சாயம் நின்றுபோயிற்று. அந்தக் காலத்தில் சிகாகோவில் 'ரிட்' பிறந்தது. பிரான்சில் அந்தப் போரில் செத்த வீரர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். தாயும் மனைவியும் சகோதரியும் கறுப்பு உடுத்தினார்கள். இருந்த ஆடையைத்தான் பெரும்பாலோர் கறுப்பாக்கிக்கொண்டார்கள். 'இருபத்து நான்கு மணி நேரத்தில் துக்க உடை' என்ற வாசகத்துக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்! எங்கள் கடற்கரையில் இருக்கிற போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டும்போது சில நாள் இது ஞாபகம் வரும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சாயத்தோடு சேர்ந்ததுதான். வெள்ளைத் துணிக்கு நாம் போடும் நீலம் முதலில் அவுரி இல்லை. லியோன் பக்கத்தில் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில் செயற்கையாகச் செய்த ஒரு கல்நீலம் அது. விலையுயர்ந்த ராஜாவர்த்தக் கல்லுக்கு மாற்று. அதற்கு 1828-இல் 6,000 ஃபிராங்க் பரிசும் வாங்கினார். அந்தத் தொழிலில் சேர்ந்த செல்வத்தில் அவர் மகன் எமீல் கிமே அமைத்ததுதான் பாரீசின் கிமே அருங்காட்சியகம். சோழர் காலத்து நடராசர் அங்கே நிற்கிறார். சலவை நீலம் கட்டிய வீட்டில் நம் ஆடல்வல்லான்.

மறுபடி எங்கள் அண்டாவுக்கு வருகிறேன். அப்பாவின் காக்கிக் கால்சட்டை, ஜன்னல் திரை, தங்கையின் பள்ளிப் பாவாடை, எல்லாம் முறைவைத்து அதில் முழுகி எழுந்தன. பள்ளி திறக்கும் மாதத்தில் எங்கள் தெருக் கொடிகளைப் பார்த்தால் எந்த வீட்டில் புதுத் துணி வாங்கவில்லை என்று தெரிந்துவிடும். இந்த வழக்கத்தை நிறுத்தியது வசதி மட்டுமில்லை. டெரிலீனும் டெரிகாட்டனும்தான். 1970-களின் தொடக்கத்தில் எனக்கு அரசாங்க எழுத்தர் வேலை கிடைத்தபோது எடுத்த முதல் சட்டை வெளிர்மஞ்சள் டெரிகாட்டன். காலர் ஓரம் பழுப்பேறியதும் அம்மாவைக் கேட்காமல் நானே காப்பிக்கொட்டை நிறப் பொட்டலம் ஒன்று வாங்கி முக்கினேன். சட்டையில் இருந்த பருத்தி நூல் சாயம் குடித்தது, பாலியெஸ்டர் நூல் குடிக்கவில்லை. வெளியே எடுத்தபோது டீ சிந்தித் துடைத்தது போன்ற ஒரு நிறம். தைத்த நூல் மட்டும் பழைய வெள்ளையிலேயே பல்லைக் காட்டியது. அம்மா பார்த்துவிட்டு, "அது தண்ணியே குடிக்காத துணி, சாயத்தையா குடிக்கும்?" என்றார். பாலியெஸ்டருக்கு வேறு வகைச் சாயமும் கொதிநிலையைத் தாண்டிய சூடும் வேண்டும் என்று பின்னால் படித்தேன். அம்மா ஒரே வரியில் சொன்னது அதைத்தான். அந்தத் துணி வெளுக்கவும் இல்லை. வெளுக்காத துணிக்குச் சாயம் எதற்கு?

இந்தப் பொட்டலங்களைப் பற்றி இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்கு மனம் கனத்தது. காங்கோச் சிவப்பும் அதன் குடும்பத்துக் கறுப்பும் பென்சிடின் என்ற சரக்கிலிருந்து செய்யப்பட்டவை. சாயத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. ஜெர்மனி 1994-இல் அப்படிப்பட்ட சாயங்களைத் தடை செய்தது. நம் அரசும் அந்த 1990-களிலேயே தடை போட்டது. எங்கள் காலத்துப் பொட்டலத்தின் மேல் சரக்கின் பெயர் எழுதியிருக்காது. அம்மா கையுறை என்ற ஒன்றைக் கண்டதில்லை. அவர் நோயில்லாமல் எண்பது தாண்டினார் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்று சாயம் போடுகிறவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை, சாயம் இறங்கும் கவலையும் அவ்வளவாக இல்லை. 1956-இல் இங்கிலாந்தில் பருத்தியோடு ரசாயனமாகவே இணைந்துவிடும் சாயம் விற்பனைக்கு வந்தது. தண்ணீர் கொதிக்கக்கூட வேண்டாம், சலவைச் சோடா போதும். அதாவது அம்மா அண்டாவைக் கிண்டியதற்கு ஐந்து வருஷம் முன்பே அப்படி ஒன்று உலகத்தில் இருந்தது. எங்கள் நாட்டு மருந்துக் கடைத் தகர டப்பாவுக்குத்தான் வந்து சேரவில்லை.

அந்த நீலச் சேலையைச் சொல்லாமல் விட்டேன். இரண்டு சேலையை மாற்றி மாற்றி உடுத்தி ஒரு வாரம் ஓட்டிய பிறகு, மழை நாளில் துணி உலராமல் போக, அதையும் எடுத்து அண்டாவில் போட்டார் அம்மா. எல்லாவற்றிலும் அதுதான் ஆழமான கறுப்பாக வந்தது. கொடியில் போடும்போது முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு இருந்தது. சில்லறையை முந்தானையில் முடிந்து வைப்பது அம்மாவின் வழக்கம். அவிழ்த்தார். உள்ளே காசு இல்லை. முடிச்சுக்குள் சாயம் நுழையாமல், மதுரைச் சுங்குடியில் வருவது போல ஒரு நீலப் பூ, சுற்றிலும் சாம்பல் வளையத்தோடு நின்றது. அண்டாவில் சாயத் தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது. மறுபடி முக்கியிருக்கலாம். அம்மா முக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அந்த முனையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோவிலுக்குப் போனார்.